காலிற் பட்ட காயமும் மறைந்த நாளமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், மதிலில் நாட்டிய இரும்புக் கூரொன்று தொடையிற் பாய்ந்த மாணவன் ஒருவனை யான் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. பந்தை எடுக்க மதிலேறியவன் வழுக்கி விழுந்திருந்தான். காயத்தின் வாய் இரண்டு ரூபாய்க் குற்றியின் அளவுகூட இல்லை. கருஞ்சிவப்பான குருதி சிறிது வடிந்தது. துணியை மடித்து அழுத்தியதும் நின்றுவிட்டது. வைத்தியர் பாதத்தின் மேற்புறத்து நாடியைத் தொட்டுப் பார்த்தார். அது நன்றாகத் துடித்தது. விரல்களை அசைக்கச் சொன்னார்; அசைத்தான். எக்ஸ்-கதிர்ப் படத்தில் என்புக்கு ஊறு காணப்படவில்லை. புண்ணைக் கழுவிக் கட்டி, ஏற்பு ஊசியும் போட்டு, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினர். ஒன்பதாம் நாள் அவனது கெண்டைக்கால் வீங்கித் தோல் பளபளத்தது. காலை ஊன்ற முடியவில்லை. மறுமுறை சென்றபோதுதான், தொடையின் பெருநாளத்தில் ஒரு கிழிசலும் அதன்மேற் படிந்த குருதிக்கட்டியும் இருப்பது கழியொலிப் பரிசோதனையால் வெளிப்பட்டது.

முதல் நாட் பார்த்த வைத்தியரைக் குறைகூறும் எண்ணம் எனக்கு அப்பொழுது இருந்தது. பின்னர் இப்பொருள்பற்றிக் கிடைத்தவற்றைப் படித்தும், எம் பழைய மாணவராய வைத்தியர் சிலரைக் கேட்டும் அறிந்தபோது அவ்வெண்ணம் ஒருவாறு மாறிற்று. அவர் செய்த பரிசோதனைகளுள் ஒன்றேனும் பிழையானதன்று. ஆயின் அவை யாவும் நாடியை நோக்கி விடுத்த வினாக்கள். நாடி அவற்றுக்கு நேரிய விடையே தந்தது. நாளத்தை எவரும் வினவவில்லை. வினவாதவழி அது தானாக வாய் திறவாது என்பதே இக்கட்டுரையிற் சொல்லப்புகும் செய்தி. யான் வைத்தியனல்லன், மாணவர் விளையாடுமிடத்தில் நிற்கும் ஆசிரியன் என்ற அளவிலேயே இதனை எழுதுகின்றேன்.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. இதயத்திலிருந்து உடலுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாயை நம் பாடநூல்கள் நாடி என்றும், உடலிலிருந்து இதயத்துக்கு மீட்டுவருவதை நாளம் என்றும் வழங்குகின்றன. தமிழகத்து நூல்களில் இவை தமனி, சிரை எனப்படும். மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேனாட்டுச் சத்திரவைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, ‘இரணவைத்தியம்’ என்னும் பெருநூலை 1867இல் வெளியிட்டார் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். இப்பொருளைத் தமிழிற் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர், அவ்வினாவுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நம் அயலில் விடை கூறப்பட்டதை அறிவாராக.

நாளத்தின் இயல்பு நாடியினின்றும் பெரிதும் வேறுபட்டது. நாடியின் சுவர் தடித்தது, மீள்தன்மையுடையது, உள்ளே குருதி ஏறக்குறைய 120 மில்லிமீற்றர் இரச உயர்ச்சிக்குச் சமமான அமுக்கத்தோடு மோதுகின்றது. நாளத்தின் சுவரோ மெல்லியது. ஒருவன் படுத்திருக்குங்கால் அவன் கால்நாளத்தின் அமுக்கம் பத்துப் பதினைந்து மில்லிமீற்றருக்கு மேற்படுவது அரிது. அவன் எழுந்து அசையாது நிற்பானாயின், இதயத்திலிருந்து கணுக்கால் வரையுள்ள குருதித்தூணின் பாரத்தால் அது தொண்ணூறு வரை உயரும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைத்தசை சுருங்கிக் குருதியை மேலே பிழிந்து தள்ள, அமுக்கம் மீண்டும் தாழ்ந்துவிடும். தள்ளிய குருதி திரும்பிக் கீழே வழியாதபடி நாளத்தினுள்ளே சிறு கதவுகள்போன்ற வால்வுகள் உள. இவற்றை விரிவாக ஆராய்ந்து 1603இல் நூல் வெளியிட்டவர் பதுவா நகரத்துப் பேராசிரியர் பபிரிசியசு. அவரிடம் பயின்ற வில்லியம் ஹாவி என்னும் ஆங்கிலேயர், இவ்வால்வுகள் ஒரே திசைக்கு மட்டும் வழிவிடுவதைச் சிந்தித்து, குருதி சுற்றியோடுகின்றது என்னும் பேருண்மையை 1628இல் நிறுவினார். குருதிச் சுற்றோட்டத்துக்குச் சான்று பகர்ந்த பெருமை இவ்வாறு நாளத்துக்கு உண்டு. அதன் பின்னர் வந்த சத்திரவைத்தியர் நெடுங்காலம் அதனை இரண்டாந்தரமாகவே மதித்தனர் என்பது விந்தை.

காலில் இரு தொகுதி நாளங்கள் உள்ளன. தோலுக்கு அடியிற் படர்ந்து செல்வன ஒரு தொகுதி. அவை கண்ணுக்குத் தெரியும், வெட்டுண்டாற் குருதி வெளியே வரும். அவற்றாற் பெருங்கேடு விளைதல் அரிது. தசைகளுக்கு நடுவே நாடியோடு இணைந்து செல்வன மற்றைத் தொகுதி. காலிலிருந்து திரும்பும் குருதியின் பெரும்பகுதி இவற்றின் வழியே ஏறுகின்றது. தொடையிடுக்கில் நாடியின் உட்பக்கமாயும், கீழே செல்லச் செல்ல அதன் பின்னாயும், முழங்காற் பின்குழியில் தோலை நோக்கியும் பெருநாளம் அமைந்திருக்கின்றது. ஆதலின் பின்னிருந்து பாயும் கூர்ப்பொருள் நாடியை எட்டுமுன் நாளத்தைத் துளைத்துவிடுதல் கூடும். கெண்டைக்காலிலோ ஒவ்வொரு நாடிக்கும் இரு நாளங்கள் துணை செல்கின்றன.

இவ்விடத்தில் மொழியாசிரியர்க்கு உவப்பான ஒரு செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் ஒப்பவில்லை. தொடையின் நடுவே செல்லும் ஆழ்ந்த பெருநாளத்துக்கு மேனாட்டு வைத்தியர் வழங்கிய பழைய பெயர் ‘மேலோட்டத் தொடைநாளம்’ என்பது. ‘ஆழ்தொடை நாளம்’ எனப்பட்ட கிளையினின்று பிரித்தறிய இட்ட பெயர் அது. பெயரைக் கேட்ட வைத்தியர் பலர் அதனைத் தோலடி நாளமென்றே மயங்கி, அதிலுள்ள குருதிக்கட்டியை ஆபத்தற்றதென விட்டதுண்டு. பின்னர் அந்த அடைமொழியையே நீக்கிப் பெயரிட்டனர். பிழையான கலைச்சொல் ஆளைக் கொல்லும் என்பதற்கு இதனிற் சிறந்த எடுத்துக்காட்டு யான் அறியேன்.

இனி, துளைபட்ட நாளம் ஏன் மறைந்திருக்கின்றது என்பதை நோக்குவாம். அதன் தாழ்ந்த அமுக்கமே முதற் காரணம். துளையுண்ட நாடி துடிப்போடு பீறிடும். துளையுண்ட நாளத்திலிருந்து குருதி ஊறி வெளிவந்து, சுற்றியுள்ள தசைக்குள் தேங்கும். தேங்கிய குருதியே அத்துளையின்மேல் அழுத்தி அதனை அடைத்துவிடும். தசைகளின் அமைப்பும் இதற்குத் துணைபோகின்றது. முழங்கால் மடிந்திருந்தபோது பாய்ந்த கூரின் வழி, காலை நீட்டியதும் ஒன்றன்மேலொன்று வழுக்கிய தசைப்படலங்களால் மூடப்பட்டுவிடும். வெளியே ஒரு சிறு வாய். உள்ளே எத்திசையிற் சென்றது, எவ்வளவு ஆழம் சென்றது என்பது அதனைப் பார்த்துச் சொல்லக்கூடியதன்று. மேலும், குருதியிழந்து மயங்கிய ஒருவனின் நாள அமுக்கம் இன்னும் தாழ்ந்திருப்பதால், வைத்தியசாலையில் உப்புநீரும் குருதியும் ஏற்றி அவன் தேறிய பின்னரே நின்றிருந்த கசிவு மீண்டும் தொடங்குவதும் உண்டு.

மறைந்த காயம் தானே ஆறிப்போவதும் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆறாதவழி விளையும் கேடுகள் பல. கிழிந்த சுவரில் குருதி உறையத் தொடங்கும். சுவரில் ஊறு, ஓட்டத்திற் தடை, உறையும் இயல்பின் மிகுதி ஆகிய மூன்றும் நாளத்திற் கட்டி உண்டாதற்குக் காரணம் என்பர். இக்கருத்தோடு சேர்த்துப் பேசப்படுபவர் செருமானிய அறிஞர் வேர்க்கோ. காயமுற்றுப் படுக்கையிற் கிடப்பவனிடத்து இம்மூன்றும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன. அக்கட்டியின் ஒரு துண்டு பெயர்ந்து இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் நாடியை அடைக்குமாயின் உயிருக்கே இறுதி நேரும். அவ்வாறு நேராவிடினும், கட்டி வால்வுகளைச் சிதைப்பதால் காலம் முழுதும் வீக்கமும், கணுக்காலருகே கருமையும், ஆறாப் புண்ணும் தொடர்தல் கூடும். இனி, கெண்டைக்காலின் தசைகள் இறுகிய உறைகளுக்குள் அடங்கியவை. குருதி திரும்பிச் செல்லும் வழி அடைபட்டு, உறைக்குள் அமுக்கம் உயருமாயின், பாதத்து நாடி துடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே தசை இறக்கத் தொடங்கும். அளவுக்கு மிஞ்சிய நோவும், விரல்களை நீட்டும்போது அந்நோவு பொறுக்கலாகாமையும் இதன் முற்குறிகள். அவ்வேளையில் உறையைக் கீறித் திறப்பதன்றி வேறு வழியில்லை. அதற்குரிய காலமும் ஒரு சில மணித்தியாலங்களே.

நாடியின்மேலேயே வைத்தியருடைய கவனம் குவிந்தமைக்குப் போர்களின் வரலாறு காரணங் காட்டுகின்றது. முதலாம் உலகப்போரில் ஆங்கிலேயச் சத்திரவைத்தியர் ஜோர்ஜ் மேக்கின்ஸ், காயமுற்ற நாடியைக் கட்டவேண்டி வருமாயின் துணைநாளத்தையும் சேர்த்துக் கட்டுதல் நன்று என்றார். இரண்டாம் உலகப்போரின் அமெரிக்கப் படையினரிடையே நேர்ந்த 2,471 நாடிக் காயங்களை ஆராய்ந்து டிபேக்கி, சிமியோன் என்னும் இருவர் 1946இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. அவற்றுள் தைக்கப்பட்டவை 81 மாத்திரமே. நாடி கட்டப்பட்டவருள் ஏறக்குறைய அரைப்பங்கினர் உறுப்பை இழந்தனர். கொரியப் போரில் நாடியைத் தைக்கும் வழக்கம் பரவியதும் அவ்விழப்பு நூற்றுக்குப் பதின்மூன்று அளவுக்கு இறங்கிற்று. இத்தகைய வெற்றியைக் கண்டவர்கள் நாளத்தை நினையாதது இயல்பே. வியட்நாம் போரிற் பணியாற்றிய நோர்மன் றிச், அப்போரிற் குருதிக்குழாய்க் காயமுற்றோர்க்கென 1966இல் வாஷிங்டனில் ஒரு பதிவேட்டைத் தொடங்கி, அவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார். முழங்காற் பின்குழியில் நாடியைச் செம்மையாகத் தைத்தும் நாளத்தைக் கட்டிவிட்ட கால்கள் வீங்கித் துன்புறுவதை அவர் எடுத்துக்காட்டிய பின்னரே நாளமும் பேச்சுக்குரிய பொருளாயிற்று.

இன்று துளைக்காயத்தோடு வருபவனிடத்து வைத்தியர் தேடும் குறிகள் இருவகை. துடித்துப் பீறிடும் குருதி, பெருகிவரும் வீக்கம், நாடித்துடிப்பின்மை, கால் குளிர்ந்து வெளிறல், கைவைத்தால் உணரப்படும் அதிர்வு என்பன வலிய குறிகள். இவற்றுள் ஒன்று இருப்பினும் தாமதியாது சத்திரசிகிச்சை செய்வர். வரும் வழியிற் குருதி வடிந்தமை, பெருகாத சிறு வீக்கம், அயலிலுள்ள நரம்பின் ஊறு, பெருங்குழாய்க்கு அண்மையிற் காயத்தின் வழி செல்லுதல் என்பன மெலிய குறிகள். மெலிய குறி உள்ளவனின் கணுக்காலிலும் புயத்திலும் குருதியமுக்கத்தை அளந்து, முன்னதைப் பின்னதால் வகுப்பர். பெறும் எண் 0.9இற் குறையாதாயின் நாடியிற் பெருங்காயம் இருத்தல் அரிது என 1991இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. எளிய கருவி, சிறிய கணக்கு, நல்ல பயன்; ஐந்தாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய வகுத்தல். ஆயின் இவ்வெண் அளப்பது நாடி வழியாகக் கீழே வந்துசேரும் அமுக்கத்தை. திரும்பிச் செல்லும் வழியிலுள்ள துளை அதனைச் சற்றேனும் மாற்றாது. நகருக்கு நீர் கொண்டுவரும் குழாயின் அமுக்கத்தை அளந்துவிட்டுக் கழிவுநீர் வாய்க்கால் உடையவில்லை என்று கூறுதல் எவ்வாறோ, அவ்வாறே நற்றுடிப்பைக் கொண்டு நாளத்துக்கு நலம் கூறுதலும். எம் மாணவனுக்கு நேர்ந்தது இதுவே.

மறைந்த நாடிக் காயங்களைப்பற்றி முன்னர் ஒரு பெரும் வாதம் நிகழ்ந்தது. பெருங்குழாய்க்கு அண்மையிற் காயம் சென்றிருந்தால், குறி எதுவும் இல்லாவிடினும், நாடிக்குள் எக்ஸ்-கதிர் ஊடுருவாத திரவத்தைச் செலுத்திப் படம் பிடிக்கவேண்டுமென்பது ஒரு காலத்து விதி. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்துச் சத்திரவைத்தியர் சிலர், அவ்வாறு அகப்படும் சிறு காயங்களிற் பெரும்பாலானவை தாமே ஆறுகின்றன, கையாலும் கண்ணாலும் செவ்வனே பரிசோதித்தாற் போதும் என்று பல ஆண்டு அவதானத்தால் நிறுவினர். நாடியைப் பொறுத்தவரை அவர் கூற்று ஏற்கத்தக்கதே. அதே அமைதியை நாளத்துக்கும் நீட்டிவிட்டமைதான் இடறு. வலிய குறிகளின் பட்டியலைத் திரும்ப நோக்குக: அவற்றுட் பல துடிப்பைச் சார்ந்தவை, துடிப்போ நாளத்துக்கு இல்லை. வெளிக்குறியற்ற கால்களின் நாளங்களைக் கழியொலியாலும் எக்ஸ்-கதிர்ப் படத்தாலும் தேடிய ஆய்வொன்று 1995இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது, மறைந்த நாளக் காயம் எண்ணியதுபோல் அத்துணை அரிதன்று என்பது புலப்பட்டது.

நாளம் தன் ஊற்றினைத் தானே வெளிப்படுத்தும் நிலை ஒன்றுண்டு. ஒரே கூர் நாடியையும் நாளத்தையும் ஒருங்கே துளைத்து, இரு துளைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், நாடியின் குருதி நேரே நாளத்துக்குட் பாயும். முழங்கையிற் குருதி வாங்கும் சிகிச்சையின்போது கத்தி ஆழ்ந்து சென்றதனால் விளைந்த இத்தகைய புரைவழியை வில்லியம் ஹன்ரர் 1757இல் விளக்கினார். அவ்விடத்திற் கைவைத்தால் பூனையின் உறுமல்போன்ற அதிர்வும், குழாயை வைத்துக் கேட்டால் இடையறாத இரைச்சலும் தோன்றும். புரைவழியை விரலால் அழுத்தி மூடியதும் இதயத்துடிப்பின் வேகம் குறையும் என்பதை 1875இல் நிக்கொலடோனியும் 1890இல் பிரனமும் கண்டனர். இக்குறி காயம்பட்ட அன்றே தோன்றாது சில நாட்களின் பின் தோன்றுவதும் உண்டாதலின், ஒருமுறை கேட்டு இல்லையென்று விடுதல் போதாது.

ஏனைய காயங்களை அறிய உட்பார்வை வேண்டும். நாளத்துள் எக்ஸ்-கதிர் ஊடுருவாத திரவத்தைச் செலுத்திப் படம்பிடிக்கும் முறையை 1938இல் பரப்பியவர் லிஸ்பன் நகரத்து யோவான் சித் தொஸ் சந்தொஸ். அவர் தந்தையார் பெருநாடியைப் படம்பிடித்து 1929இற் புகழ்பெற்றவர். பாதத்து நாளமொன்றில் ஊசியிட்டுத் திரவத்தை மேலே ஏற்றுவது இதன் முறை. நெடுங்காலம் இதுவே உரைகல்லாக மதிக்கப்பட்டது. ஆயினும் வீங்கிய, கட்டுப்போட்ட காலில் ஊசிக்கு நாளம் அகப்படுவதே அரிது. திரவம் நிரம்பாத இடத்தைக் காயமென மயங்கவும், காயத்தை நிரம்பாத இடமென விடவும் நேரும். திரவமே நாளச் சுவரை எரித்துக் கட்டியை உண்டாக்குவதும் உண்டு. பிற்காலத்துச் சீ.ரீ. ஸ்கான் முறை நாடிகளை நொடிப்பொழுதிற் காட்டிவிடுகின்றது. காட்டும் அவ்விரைவே நாளத்துக்குப் பாதகம்: நாடியில் திரவம் நிறைந்த கணத்தில் எடுத்த படத்தில் நாளங்கள் இன்னும் வெறுமையாகவே தோன்றும். சிறிது காத்திருந்து இரண்டாம் முறையும் படம் எடுக்குமாறு கேட்டாலன்றி நாளத்தைக் காணமுடியாது. கேட்பதற்கோ முன்னரே ஐயம் இருத்தல் வேண்டும்.

இக்காலத்து முதன்மையான கருவி கழியொலி. நம் செவி செக்கனுக்கு 20,000 அதிர்வு வரையே கேட்கவல்லது. இக்கருவியோ ஐம்பது இலட்சம் முதல் ஒரு கோடி அதிர்வு வரையுள்ள ஒலியை உடலுக்குட் செலுத்துகின்றது. தசையில் அவ்வொலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,540 மீற்றர் வேகத்திற் செல்லும். எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தைக்கொண்டு ஆழத்தைக் கணித்துப் படம் வரைவது ஒரு பகுதி. ஓடும் குருதியிற் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுவதைக்கொண்டு ஓட்டத்தின் திசையையும் வேகத்தையும் அறிவது மற்றைப் பகுதி. நெருங்கிவரும் புகையிரதத்தின் ஊதல் உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் கேட்பதன் விதியே இது. இரட்டை விண்மீன்களின் நிறத்தை விளக்கப் புகுந்த டொப்ளர் 1842இற் பிராக் நகரில் இதனை வெளியிட்டார். இரு பகுதிகளையும் ஒரே கருவியில் இணைத்தமை 1970களில் அமெரிக்க வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ராண்ட்னெஸ் குழுவினர் செய்த பணி. குருதியோட்டத்தால் நிகழும் அதிர்வெண் மாற்றம் நம் செவிக்கு எட்டும் அளவினதாதலால் அதனை ஒலியாகவே கேட்கலாம். நாடி வெட்டி வெட்டி அடிக்கும். நாளம் மூச்சோடு ஏறியிறங்கும் காற்றைப்போல் இரையும். ஓசையற்றதாகிய நாளத்துக்கு இக்கருவி ஒரு குரலைக் கொடுத்திருக்கின்றது.

பரிசோதிப்பவர் செய்வன எளியவை. கருவியின் முனையால் தோலை மெல்ல அழுத்துவார். நலமான நாளம் அவ்வழுத்தத்துக்கே தாழ்ந்து இரு சுவரும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே கட்டியிருப்பின் ஒட்டாது. மூச்சை உள்ளிழுக்கச் சொல்லி ஓட்டம் மாறுகின்றதா என்று நோக்குவார். கெண்டைத்தசையைக் கையாற் பிழிந்து, குருதி விரைந்து மேலேறுகின்றதா என்று பார்ப்பார். ஏறாதாயின் நடுவே தடையுண்டு. சுவரிற் பிளவு, பிளவின்வழி அயலிலுள்ள குருதித்தேக்கத்துட் புகும் ஓட்டம், நாளத்தினுள் நாடியின் துடிப்பு ஆகியவற்றையும் தேடுவார். ஊசியில்லை, கதிரில்லை, நோவும் பெரிதில்லை. படுக்கையருகே எத்தனை முறையும் செய்யலாம். குறைகளும் உள. திறந்த புண்ணின்மேலும் கட்டின்மேலும் முனையை வைக்கவியலாது. புண்வழியே தசைக்குட் புகுந்த காற்று ஒலியை மறித்துவிடும். இடுப்பெலும்புக்குள் ஏறிய நாளத்தைக் காண்பது கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, பரிசோதிப்பவரின் கைப்பழக்கமே இதன் பயனை நிர்ணயிக்கின்றது. கட்டி உண்டா என்று குருதியிற் பார்க்கும் டி-டைமர் என்னும் சோதனை இவ்விடத்து உதவாது. காயம்பட்ட எவனுக்கும் அது உயர்ந்தே இருக்கும்.

சிதறுதுண்டுக் காயங்களில் வேறொரு புதிர் உண்டு. 1983 முதல் 2009 வரை நம் பகுதியில் நிகழ்ந்த போரில் எறிகணைத் துண்டுகளையும் மிதிவெடித் துண்டுகளையும் காலிற் தாங்கியோர் பலர். ஆதலின் இது நமக்கு ஏட்டுச் செய்தியன்று. துண்டு நுழைந்த வாய் உண்டு. வெளியேறிய வாய் இல்லை. எனவே துண்டு உள்ளே இருக்கவேண்டும். ஆயின் தொடையின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் அது காணப்படவில்லை. எங்கே சென்றது? பெருநாளத்துள் விழுந்த சிறு துண்டு குருதியோடு மேலேறி இதயத்தின் வலப்பக்கத்திலோ நுரையீரலிலோ தங்கியிருத்தல் கூடும். மார்பைப் படம்பிடித்துக் கண்டுபிடித்த நிகழ்ச்சிகள் பல நாட்டுப் போர்களிலும் பதிவாகியுள்ளன. காயங்களையும் துண்டுகளையும் எண்ணிப் பார்த்துக் கணக்கு ஒவ்வாதபோது நாளத்தை ஐயுறுதல் வேண்டும்.

கண்டபின் செய்வதைச் சுருங்கக் கூறுவாம். இயலுமாயின் தைப்பர், நோயாளி ஆபத்தான நிலையிலிருப்பின் கட்டி உயிரைக் காப்பர். 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரிற் குத்துண்டு, காலிலன்றி வயிற்றில், ஈரலுக்குச் செல்லும் நாளம் பிளந்து இறந்தார். அன்று அதனைத் தைக்கவல்லார் இலர். அந்நகரத்து இளைஞர் அலெக்சிஸ் கரெல், பூத்தையல் செய்யும் பெண்ணொருவரிடம் நுண்ணூசி பயின்று குருதிக்குழாயைத் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டு, 1912இல் நோபல் பரிசு பெற்றார். சிறிய காயமாயின் கத்தியின்றியே, உறைதலைத் தடுக்கும் மருந்தோடு காத்திருப்பதும் உண்டு. இதில் ஓர் இக்கட்டு இருக்கின்றது: மருந்தை விரைந்து கொடுத்தால் கிழிசல் மீண்டும் கசியும்; தாழ்த்தினாற் கட்டி வளரும். எந்நாளிற் தொடங்குவது என்பதை மீண்டும் மீண்டும் செய்யும் கழியொலிப் பரிசோதனையே காட்டவேண்டும்.

ஆசிரியரும் மாணவரும் அறியவேண்டியன சிலவே. தைத்த கூரை இழுத்தெடுக்கலாகாது, அடைப்பாயிருப்பது அதுவே. வடியுமிடத்தை உள்ளங்கையால் உறுதியாக அழுத்தி, ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துக. நாளக் குருதி உயர்த்தியதும் பெரும்பாலும் தணியும். காயத்துக்கு மேலே துவாயாலோ கழுத்துப்பட்டியாலோ அரைகுறையாகக் கட்டுதல் பெருந்தவறு. அக்கட்டு ஆழ்ந்த நாடியைத் தடுக்க வலிமையற்றது. திரும்பும் நாளத்தை மட்டும் அடைக்கும். காலுக்குட் குருதி சென்றுகொண்டேயிருக்க, வெளியேறும் வழி காயம் ஒன்றேயாகும். அடங்காது பீறிடும் குருதியை நிறுத்தப் பயின்றவர் இறுக்கிக் கட்டும் கட்டு இதனின் வேறானது.

வீடு திரும்பியவனுக்கு ஓர் அளவுநாடா போதும். முழங்காற் சில்லின் கீழுள்ள என்பு மேட்டிலிருந்து பத்துச் சென்ரிமீற்றர் தாழ்ந்த இடத்தில் இரு கெண்டைக்கால்களுக்கும் மையாற் குறியிட்டு, நாள்தோறும் காலையில் எழுமுன் சுற்றளவை அளந்து எழுதிவைத்தல் வேண்டும். காயம்பட்ட கால் மற்றதிலும் மூன்று சென்ரிமீற்றர் மிகுமாயின், அல்லது நாளுக்குநாள் வேறுபாடு வளருமாயின், மூச்சுத்திணறலோ மார்புநோவோ தோன்றுமாயின், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சென்றவிடத்தில் “பாதத்து நாடி நன்றாக இருக்கின்றது” என்ற விடை கிடைப்பின், “நாளத்தையும் பார்த்தீர்களா ஐயா?” எனப் பணிவோடு கேட்டல் குற்றமன்று. முதல் நாளிற் பார்த்துத் தெளிவாயிருந்ததும் முடிவன்று. சில நாட் கழித்தும், ஒரு வாரத்தளவிலும் மறுபடி பார்க்கும்போதே பின்னர் வளர்ந்த கட்டி அகப்படும்.

எம் மாணவன் ஆறு மாதம் மருந்துண்டான். மூன்றாம் மாதப் பரிசோதனையிற் கட்டி பெரும்பாலும் கரைந்து, நாளம் திறந்திருந்தது. ஆயின் கிழிசலுக்குக் கீழுள்ள வால்வு ஒன்று செவ்வனே மூடவில்லை. மாலையானாற் கணுக்கால் சிறிது வீங்கும். அழுத்தக் காலுறை அணிந்து வகுப்புக்கு வந்தான். அடுத்த ஆண்டு துடுப்பாட்டக் குழுவிற் சேர்ந்து, ஓடவேண்டாத இடமாகப் பார்த்து நிற்கின்றான் என்று தோழர் நகைக்கும்படி, விக்கற்றுக்குப் பின்னே நின்றான்.